பழைய சொகுசு டீசல் எஸ்.யூ.வி.: யானை விலை குறைஞ்சாச்சு, தீனி விலை?

புதிதாக வாங்கினால் 80 லட்சம், ஒரு கோடி என்று போகும் ஜெர்மன் எஸ்.யூ.வி., ஏழெட்டு வருஷம் ஓடி முடித்ததும் ஒரு புது இன்னோவா விலைக்கு வந்து நிற்கிறது. சில சமயம் அதற்கும் கீழே. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல், ஷூ தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. வெளிநாட்டு பையர் வரும்போது சென்னை ஏர்போர்ட்டில் போய் அழைத்து வர ஒரு நல்ல வண்டி வேண்டும். கல்யாண வீட்டு வாசலிலும் அது நிற்கணும். ‘இந்தக் காசுக்கு இவ்வளவு பெரிய வண்டியா!’ என்று தோன்றத்தான் செய்யும்.

ஆனால் ஒரு விஷயம். விலை குறைந்தது வண்டிக்கு மட்டும்தான். அதன் உதிரிபாகங்களுக்கு யாரும் விலை குறைக்கவில்லை. 15 லட்சத்துக்கு வாங்கினாலும், ரிப்பேர் என்று வந்தால் அது ஒரு கோடி ரூபாய் வண்டிதான்.

ஏன் இவ்வளவு வேகமாக விலை இறங்குகிறது?

எல்லா காருக்கும் மதிப்பு இறங்கும். இன்சூரன்ஸ் கணக்கிலேயே நாலு வருஷம் தாண்டி ஐந்தை முடிக்காத வண்டிக்கு 50% கழித்துவிடுகிறார்கள். சந்தையில் ஃபார்ச்சூனர், இன்னோவா மாதிரி வண்டிகள் இந்த இறக்கத்தைத் தாக்குப்பிடிக்கின்றன. சொகுசு வண்டிகளுக்கு அது முடிவதில்லை.

காரணம் எளிது. வாரன்ட்டி முடிந்த பிறகு என்னென்ன செலவு வரிசையில் நிற்கிறது என்று முதல் ஓனருக்குத் தெரியும். அதற்கு முன்பே விற்றுவிடப் பார்ப்பார். வாங்குகிறவருக்குக் கிடைக்கும் அந்தப் பெரிய தள்ளுபடி, வரப்போகும் ரிப்பேருக்குச் சந்தை முன்கூட்டியே கழித்துக் கொடுத்த காசு. அதைச் செலவழித்துவிட்டால் ரிப்பேர் வரும்போது கையில் எதுவும் இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி.களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50% வரை இருந்த வரி 40% ஆனது. புது வண்டி விலை இறங்கினால் பழசும் இறங்கணும். போன வருஷத்து விலையைச் சொல்லி விற்கப் பார்த்தால் இதை நினைவுபடுத்துங்கள்.

டீசலில் எவ்வளவு மிச்சம்?

மாதம் 1,000 கி.மீ. ஓட்டம் என்று வைப்போம். டீசல் எஸ்.யூ.வி. லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தால் 100 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 9,200 ரூபாய். அதே அளவு பெட்ரோல் வண்டி 8 கி.மீ. கொடுத்தால் 125 லிட்டர். 101 ரூபாய் வீதம் 12,625 ரூபாய். வித்தியாசம் மாதம் 3,425. வருஷத்துக்கு 41,100 ரூபாய்.

நல்ல காசுதான். ஆனால் இந்த வகை வண்டிகளில் ஒரே ஒரு பெரிய ரிப்பேர், இப்படி இரண்டு மூன்று வருஷம் மிச்சம் பிடித்ததை ஒரே நாளில் சாப்பிட்டுவிடும்.

எங்கே கையைக் கடிக்கும்?

முதலில் ஏர் சஸ்பென்ஷன். ஆடி கியூ7, மெர்சிடிஸ் ஜி.எல்.எஸ்., ரேஞ்ச் ரோவர் போன்ற வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை இருக்கும். அது ரப்பர். நம்ம ஊர் வெயிலுக்கு வருஷங்கள் போகப் போக வெடிப்பு விடும். காற்று கசிய ஆரம்பித்தால் கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடி அதுவும் போகும். காலையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் இதுதான் சங்கதி.

அடுத்தது இன்ஜின். பி.எம்.டபிள்யூ.வின் பழைய 2 லிட்டர் டீசல் இன்ஜினான என்47-ல் டைமிங் செயின் தேய்வது பல நாடுகளில் பேசப்பட்ட பிரச்சினை. அந்த செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதை மாற்றப் பெரிய அளவில் கழற்ற வேண்டும். செயினை விடக் கூலி அதிகம்.

மூன்றாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ‘இதுக்கு ஆயில் மாத்தவே வேணாம்’ என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது.

பி.எம்.டபிள்யூ. 2007 முதல் சென்னை அருகே மறைமலைநகர் பக்கம் ஆலை நடத்துகிறதே, பாகம் மலிவாகக் கிடைக்காதா என்று கேட்கலாம். இங்கே பூட்டப்படுவதாலேயே பாகங்கள் மாருதி விலைக்கு வந்துவிடாது. இன்சூரன்ஸும் கைகொடுக்காது. தேய்மானத்தால் வரும் ரிப்பேர் அதில் சேராது. விபத்தில்கூட ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சாதாரண பாலிசி பாதிதான் தரும்.

ஊருக்குள்ள ஓட்டமா, ஹைவே ஓட்டமா?

நம்ம பகுதிக்கு இதுதான் முக்கியமான கேள்வி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி உண்டு. அதற்கு முந்தைய சில சொகுசு வண்டிகளிலும் உண்டு. புகையில் வரும் கரியை அது பிடித்து வைக்கும். சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்ய 600 டிகிரி அளவுக்குச் சூடு தேவை. அந்தச் சூடு வர வண்டி ஒரே சீராக, கொஞ்ச நேரம் வேகமாக ஓடணும்.

வீட்டிலிருந்து தோல் ஷாப்புக்கு நாலு கி.மீ., அங்கிருந்து பேங்குக்கு ரெண்டு கி.மீ. என்று ஓட்டினால் அந்தச் சூடே வராது. வடிகட்டி அடைக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும். பாதியில் நின்றுபோன சுத்திகரிப்பால் இன்ஜின் ஆயிலிலும் டீசல் கலக்கும். ‘அந்த ஃபில்டரையே தூக்கிடலாம் சார்’ என்று யோசனை சொல்ல ஆள் இருக்கும். கம்பெனி அமைப்பை அப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி தவறு. ஊருக்கும் கேடு.

வாரம் இரண்டு முறை சென்னைக்கோ பெங்களூருவுக்கோ தேசிய நெடுஞ்சாலை 48-ல் போய் வருகிறவருக்கு இதே வண்டி அருமையாக ஒத்துழைக்கும். அவருக்கு டீசல் சரி. ஊரைத் தாண்டாதவருக்குச் சரிப்படாது.

டெல்லி வண்டி ஏன் மலிவு?

டெல்லி வட்டாரத்தில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வயதை மட்டும் காரணம் காட்டிக் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று அதே நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொல்லி, டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.4-ம் அதற்குப் பிந்தையதுமான வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. இந்தக் குழப்பத்துக்கு நடுவே பல ஓனர்கள் வெளிமாநிலங்களுக்கு விற்றார்கள். மலிவின் காரணம் அதுதான்.

அப்படி வரும் வண்டிக்கு என்.ஓ.சி. வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்க வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ப இங்கே வரியும் கட்ட வேண்டும். டீலர் சொல்லும் விலையில் இதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. எழுதிக் கேளுங்கள்.

வாங்கியே தீருவேன் என்றால்...

சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். வாகன் தளத்தில் கடன் பாக்கி, அபராதம், எத்தனையாவது ஓனர் என்று பாருங்கள். அந்த பிராண்ட் தெரிந்த மெக்கானிக்கை வைத்து ஸ்கேன் செய்யுங்கள். 2023 மிக்ஜாம் போன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று தெரிய சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் தெரிந்துவிடும்.

பெரிய சர்வீஸ் சென்டர்கள் சென்னையிலும் பெங்களூருவிலும்தான். வண்டி நின்றால் லாரியில் ஏற்றி அனுப்பும் செலவும் உங்களுடையது. என் கருத்தில், வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக ரிப்பேருக்கு வைக்க முடியாதவர் இந்த வண்டியை வாங்கக் கூடாது. 15 லட்சத்துக்கு வண்டி என்றால் 3 லட்சம் தனியாக இருக்கணும். கடன் வாங்கி வாங்குகிறவருக்கும், ஜாப் வொர்க் யூனிட்டின் கூலிக் காசிலிருந்து ரிப்பேர் பில் கட்டப் போகிறவருக்கும் இது வேண்டவே வேண்டாம். பில் வரும் வாரம் பாதிக்கப்படுவது வண்டி ஓட்டுகிறவர் இல்லை, யூனிட்டில் வேலை பார்க்கிறவர்.

தள்ளிப்போட்ட செலவு என்ன செய்யும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவைக் கணக்கில் எழுதாமல் பல வருஷம் தொழில் நடந்தது. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலாறு கெட்ட பிறகு வந்த பில் அது. அதே உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியிலும் இந்தப் பிரச்சினையைப் பேச வேண்டியிருந்தது.

கார் அவ்வளவு பெரிய விஷயமில்லைதான். ஆனால் கணக்கு ஒன்றே. தோல் வாங்கும்போது மேல் ஃபினிஷை மட்டும் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை, புரட்டிப் பார்ப்பார்கள். பளபளக்கும் பழைய எஸ்.யூ.வி.யையும் அப்படியே புரட்டிப் பாருங்கள். கணக்கு ஒத்துவந்தால் தாராளமாக வாங்குங்கள். ஒத்துவராவிட்டால், இன்னோவா ஒன்றும் குறைச்சல் இல்லை.