தைத்தது யாரோ... பரிசு வாங்கியது யாரோ!

"போர்வைக்கெல்லாமா போட்டி வைப்பாங்க?" என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். அமெரிக்காவில் குவில்ட் போட்டி என்பது சாதாரண சமாச்சாரம் இல்லை. ஆயிரக்கணக்கான டாலர் பரிசு, ஊர் ஊராகக் கண்காட்சி, பயிற்சி பெற்ற நடுவர்கள் என்று பெரிய உலகமே இருக்கிறது.

குவில்ட் ஒரு மூன்றடுக்குப் போர்வை. மேலே துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு அமைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றும் நகராமல் இருக்க நெருக்கமாகத் தையல் போடுவார்கள். கையால் செய்தால் ஒன்றுக்கே மாதக்கணக்கில் ஆகும்.

நடுவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் தெரியுமா? மூலை நேராக இருக்கிறதா, தையல் எல்லாம் ஒரே அளவா, ஓரப்பட்டிக்குள் பஞ்சு நிரம்பியிருக்கிறதா, நூல்முனை தொங்குகிறதா, பென்சில் கோடு தெரிகிறதா... பூனை முடி ஒட்டியிருந்தால்கூட விடமாட்டார்கள். பாரபட்சம் வரக்கூடாது என்று தைத்தவரின் பெயரை மறைத்துவிட்டுத்தான் பொதுவாக மதிப்பிடுவார்கள்.

ரொம்ப நல்ல விஷயம். ஆனால் பெயரை மறைப்பதில் காட்டும் அக்கறையை, அது சரியான பெயர்தானா என்று பார்ப்பதிலும் காட்ட வேண்டாமா? காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1933இல் நடந்த ஒரு கதை இருக்கிறது.

அந்த வருடம் சிகாகோவில் உலகக் கண்காட்சி. அதையொட்டி சியர்ஸ் நிறுவனம் தேசிய குவில்ட் போட்டி அறிவித்தது. மொத்தப் பரிசு 7,500 டாலர். முதல் பரிசு மட்டும் 1,000 டாலர். அமெரிக்காவில் உழைக்கும் மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத பெருமந்தக் காலம் அது. நாடு முழுவதிலுமிருந்து சுமார் 24,000 குவில்ட்கள் வந்து குவிந்தன. வட்டார அளவில் சலித்து எடுத்து, கடைசிச் சுற்றுக்கு 30 மட்டும் சிகாகோ போய்ச் சேர்ந்தன.

வென்றது கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனைச் சேர்ந்த மார்கரெட் ரோஜர்ஸ் கேடனின் நட்சத்திர குவில்ட். அவ்வளவு நுணுக்கமான தையல். அதை அன்றைய ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கே பரிசாகக் கொடுத்தார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அந்த குவில்ட்டில் கேடன் ஒரு தையல்கூடப் போடவில்லை!

சொந்தக் கைவேலையாக இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. தைத்தவர்களோ கூலிக்கு வேலை செய்த உள்ளூர்ப் பெண்கள். பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு எதுவும் கிடைக்கவில்லை. வெளியே சொல்லவும் முடியவில்லை. சொன்னால் அடுத்த வேலை போய்விடும். மெரிகே வால்ட்வோகல், பார்பரா பிராக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேடி விசாரித்து 1993இல் புத்தகமாக வெளியிட்டார்கள். அதற்குள் 60 வருடம் ஓடிவிட்டது.

இதைச் சொன்னால் உடனே சிலர் வக்காலத்துக்கு வருவார்கள்.

1. "அதான் கூலி கொடுத்தாச்சே?" கூலி கொடுத்தால் போர்வை சொந்தமாகும், சரி. தைத்த பெருமையும் சேர்ந்தா விற்பனையாகிறது? கம்பெனிக் கணக்கை எழுதுவது குமாஸ்தா, காசு முதலாளியுடையது. அதற்காக முதலாளி கணக்கு எழுதும் போட்டியில் அந்தப் புத்தகத்தை நீட்டிப் பரிசு வாங்கலாமா?

2. "யோசனை அவருடையதாக இருக்கலாமே?" இருக்கட்டும். அப்படியென்றால் "யோசனை இவர், தையல் இவர்கள்" என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே? நடுவர்கள் அளந்து பார்த்தது தையலை. தைத்தவர்களுக்குத்தான் பெயர் இல்லை.

3. "போட்டி என்றாலே இப்படித்தான், கலைக்கு மார்க் போடுவதே தப்பு." இது கேட்க அழகாக இருக்கும், ஆனால் தப்பிக்கும் பேச்சு. ஏமாந்தவர்கள் போட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற 24,000 பேர் நம்பித்தான் அனுப்பினார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது மோசடி.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். 1989இல் கென்டக்கியிலேயே படூக்கா ஊரில் நடந்த புகழ்பெற்ற போட்டியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவர் இயந்திரத்தில் தையல் போட்ட குவில்ட் முதன்முறையாக உச்சப் பரிசு வாங்கியது. உடனே சர்ச்சை. "மெஷினில் தைத்ததெல்லாம் குவில்ட்டா?" துணிக்குச் சாயம் போட்டது முதல் தைத்தது வரை அவரே செய்த வேலை அது. கையா மெஷினா என்று சண்டை போடத் தெரிந்த உலகத்துக்கு, யாருடைய கை என்று கேட்க மட்டும் இவ்வளவு காலம் ஆனது.

கேட்கவே முடியாத கேள்வியா அது? இல்லை. மேல்துணியை ஒருவர் செய்து, பெரிய இயந்திரம் வைத்திருக்கும் இன்னொருவரிடம் காசு கொடுத்துத் தையல் போட்டு வாங்குவது இப்போது சர்வ சாதாரணம். அதற்காகவே பெரிய போட்டிகளில் "இருவர் செய்த குவில்ட்" என்று தனிப்பிரிவு இருக்கிறது. விண்ணப்பத்தில் இரண்டு பெயரையும் எழுத வேண்டும். யாருக்கும் தலை போய்விடவில்லை. 1933இல் விண்ணப்பத்தில் இரண்டு வரி கூடுதலாகக் கேட்டிருந்தால், பொய் சொல்வதாவது கொஞ்சம் கஷ்டமாகியிருக்கும்.

ஆனால் பெயர் மட்டும் போதாது. பரிசுப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டு வியாபாரத்தில் லாபப் பங்கை முதலிலேயே எழுதிக்கொள்வது எதற்கு? பிறகு பலவீனமானவர் வாய் திறக்க முடியாது என்பதால்தானே!

ரூஸ்வெல்ட் வீட்டுக்குப் போன அந்த குவில்ட் பிறகு என்ன ஆனது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பரிசுப் பட்டியலில் கேடன் பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பூனை முடியைக்கூடத் தேடிப் பிடிக்கும் போட்டிகள், தைத்த ஆளையும் தேடினால் என்ன?