முதல் மாதச் சம்பளமும் முப்பது ஆண்டுப் பணியும்

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகிப் பொறியியல் கலந்தாய்வு நெருங்கும் வேளையில், தமிழக நடுத்தரக் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். இருநூறுக்கு எத்தனை கட்-ஆஃப், எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பதே அந்தப் பேச்சு. கணினி அறிவியலும் அதன் கிளைப் படிப்புகளும் முந்திக்கொண்டு நிரம்புகின்றன. சிவில் எனப்படும் கட்டுமானப் பொறியியல் இடங்களோ பல தனியார் கல்லூரிகளில் ஆள் தேடிக் காத்திருக்கின்றன. வேறெதுவும் கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசையில் அந்தப் படிப்பை நாம் நிறுத்திவிட்டோம்.

நான் பொருளாதாரம் கற்பித்தவன், பொறியியலாளன் அல்லன். ஆயினும், ஆசிரியராக இருந்தவர் என்ற உரிமையில் ஆண்டுதோறும் சில பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு: "ஐயா, சிவில் எடுத்தால் சம்பளம் வருமா?" நியாயமான கேள்விதான். கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைக்கும் தந்தை வேறெதைக் கேட்பார்? ஆனால், அந்தக் கேள்வி முதல் வேலையின் முதல் மாதச் சம்பளத்தோடு நின்றுவிடுகிறது. ஒரு தொழிலுக்கு ஆயத்தமாவது என்பது முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கான முடிவு. அதை ஒரு மாதத்தின் அளவுகோலால் அளப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தச் சிக்கலை நம் தக்காளி விவசாயி நன்கு அறிவார். விலை உச்சத்தில் இருப்பதைக் கண்டு எல்லோரும் தக்காளி நடுகிறார்கள். அறுவடை ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகிறது. பறிப்புக் கூலிகூடக் கிடைக்காமல் சாலையோரம் கொட்ட நேர்கிறது. மறுபருவத்தில் யாரும் நடுவதில்லை. விலை மீண்டும் ஏறுகிறது. பொருளாதாரத்தில் இதனைச் 'சிலந்தி வலை' கோட்பாடு என்கிறோம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஃபிரீமன் 1976-இல் வெளியிட்ட ஆய்வில் இதே கோட்பாட்டைப் பொறியியல் பட்டதாரிகளுக்குப் பொருத்திப் பார்த்தார். இன்றைய ஊதியத்தைப் பார்த்து மாணவர் சேர்கிறார். அவர் சந்தைக்கு வருவதோ நான்கு ஆண்டுகள் கழித்து. அதற்குள் சந்தை வேறாகிவிடுகிறது.

ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே சிவிலுக்கும் இயந்திரவியலுக்கும் இடம் தேடி அலைந்த பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். இன்று காற்று மறுபக்கம் வீசுகிறது. நல்ல தரநிலை பெற்ற கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25 கல்வியாண்டிலிருந்து நீக்கியபோது, கணினி அறிவியல் இடங்கள் பெருகின. எல்லோரும் ஒரே பயிரை நடும் பருவம் இது. இதனால் சிவில் படித்தவர்களுக்கு நாளையே பொற்காலம் பிறந்துவிடும் என்று நான் சோதிடம் கூறவில்லை. கூட்டம் போகும் திசை மட்டுமே வழிகாட்டி ஆகாது என்பதே கூற வருவது.

தேவை எவ்வாறு இருக்கிறது? 2019-20-இல் மத்திய அரசு மூலதனச் செலவாக ஏறத்தாழ ரூ.3.36 லட்சம் கோடி செலவிட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அதற்கான ஒதுக்கீடு ரூ.11.21 லட்சம் கோடி. சாலை, ரயில்பாதை, துறைமுகம், குடிநீர்த் திட்டம் எனப் பிரியும் இந்தத் தொகையில் பெரும்பகுதி கட்டுமானத்துக்கே செல்கிறது. சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் மட்டும் 118.9 கி.மீ. நீளம், திட்ட மதிப்பீடு ரூ.63,246 கோடி. கப்பல்களுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாம்பன் பாலமும், ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலமும் 2025-இல் திறக்கப்பட்டன. வேலை இல்லாத துறை அல்ல இது.

அப்படியென்றால், தொடக்க ஊதியம் ஏன் குறைவாக இருக்கிறது? பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் என்னை உறுத்தும் கேள்வி இதுதான்.

தொழிலுக்குத் தொழில் ஊதியம் வேறுபடுவதற்கு ஐந்து காரணங்களை ஆடம் ஸ்மித் 1776-இல் பட்டியலிட்டார். அவற்றுள் ஒன்று, அத்தொழிலைச் செய்பவர் மீது சமூகம் வைக்கும் நம்பிக்கை. உயிரையும் உடைமையையும் யாரிடம் ஒப்படைக்கிறோமோ, அவருக்குக் கூடுதல் ஊதியம் தருகிறோம். மருத்துவருக்கும் வழக்குரைஞருக்கும் இது பொருந்துகிறது. நூறு குடும்பங்கள் உறங்கும் அடுக்குமாடியை வடிவமைப்பவருக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை?

இதற்கான விடையை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையில் காணலாம். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அவர். சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் போனால், தரமான சரக்குக்கு உரிய விலை கிடைக்காது. தரமற்றதே சந்தையில் நிலைக்கும் என்றார் அவர். கான்கிரீட் இதற்கு மிகப் பொருத்தமான சான்று. தூணுக்குள் எத்தனை கம்பி, என்ன இடைவெளியில் வளையம், கலவையில் எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் பூச்சு முடிந்த பின் யார் கண்ணுக்கும் தெரியாது. வீடு வாங்குபவர் தரைக்கல்லையும் சமையலறை மேடையையும் பார்த்துப் பணம் கொடுக்கிறார். நல்ல பொறியாளரின் உழைப்பு சுவருக்குள் மறைந்துவிடுகிறது. அதற்குத் தனி விலை கிடைப்பதில்லை.

அந்த மறைவின் விலையை நாம் உயிர்களால் கொடுத்திருக்கிறோம். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். அருகிலிருந்த அதன் இணைக் கட்டடமும் 2016-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2022 அக்டோபரில் குஜராத்தின் மோர்பி தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தனர். 2024-இல் பிகாரில் சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் விழுந்தன.

மருத்துவம் பார்க்க, நீதிமன்றத்தில் வாதாட, கணக்குத் தணிக்கை செய்ய, இந்த நாட்டில் சட்டப்படியான பதிவு வேண்டும். வழக்குரைஞர்களுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம், பட்டயக் கணக்காளர்களுக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கின்றன. பொறியாளர்களுக்கு அத்தகைய தேசியச் சட்டம் இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் (2019), பொறியாளர்களும் கட்டமைப்புப் பொறியாளர்களும் பதிவு செய்துகொள்ள வகைசெய்கின்றன. அது நல்ல தொடக்கம். ஆனால், அமெரிக்காவில் பட்டம் பெற்றவர் அடிப்படைத் தேர்வு எழுதி, பொதுவாக நான்கு ஆண்டுகள் அனுபவம் பெற்று, மற்றொரு தேர்விலும் தேறிய பிறகே உரிமம் பெற்ற பொறியாளராகக் கையொப்பமிட முடிகிறது. அந்தக் கையொப்பத்துக்கு மதிப்பு உண்டு; ஆகவே விலையும் உண்டு. சிவில் பொறியாளரின் ஊதியக் குறைவும் கட்டடங்களின் பாதுகாப்புக் குறைவும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பது என் கருத்து.

சட்டம் வரும்வரை மாணவர் காத்திருக்க இயலாது. எனவே, இப்படிப்பைத் தேர்ந்தெடுப்பவர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும்? இத்துறையில் பல்லாண்டுகள் பணியாற்றியவர்களிடம் கேட்டறிந்தவற்றோடு, என் துறையின் பார்வையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, அடிப்படை. பொருள்களின் வலிமை, கட்டமைப்புப் பகுப்பாய்வு, மண் இயக்கவியல், நீரியல், நில அளவை ஆகிய பாடங்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர், கணினி தரும் விடையைக் கேள்வி கேட்க முடியாது. வடிவமைப்பு மென்பொருள்களை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். திரையில் தெரியும் எண் சரியா என்று ஒரு தாளில் கையால் கணக்கிட்டு ஐயுறும் திறன்தான் பொறியாளரின் மூலதனம்.

இரண்டாவது, விதிநூல்கள். கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456, நிலநடுக்கத்துக்கு ஐ.எஸ். 1893 ஆகிய இந்தியத் தர விதிகளை வழிகாட்டி நூல்களின் வாயிலாக அல்லாமல் நேரடியாகப் படிக்க வேண்டும். சென்னை 2002-இல் நிலநடுக்க மண்டலப் பட்டியலில் இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்த்தப்பட்டது. அதற்கு முன் கட்டிய கட்டடத்துக்கு இதன் பொருள் என்ன என்று சிந்திக்கும் மாணவர், தம் வகுப்பைவிட ஓராண்டு முன்னே நிற்பார்.

மூன்றாவது, களம். விடுமுறைகளில் ஏதேனும் ஒரு கட்டுமான இடத்தில் நின்று பழக வேண்டும். சான்றிதழுக்காக மட்டும் நிற்பதில் பயனில்லை. கலவையை இளக்கத் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால் வலிமை குறையும் என்பது புத்தகத்தில் ஒரு வரி. மாலை ஐந்து மணிக்கு, வேலை முடிய வேண்டிய அவசரத்தில், அனுபவமுள்ள மேஸ்திரியிடம் "வேண்டாம் அண்ணா" என்று சொல்லி அவரை இணங்க வைப்பது வேறு கல்வி. கம்பி கட்டுபவர், கொத்தனார், சென்ட்ரிங் அடிப்பவர், சித்தாள் ஆகியோரிடம் மரியாதையோடு பேசவும் கற்கவும் தெரியாதவருக்கு இத்துறை கைவராது. சாதாரண சிமென்ட் கான்கிரீட்டுக்கு ஏழு நாளேனும் நீராற்ற வேண்டும், 28-ஆம் நாள் கனசதுரச் சோதனையைப் பார்க்க வேண்டும் என்பனவற்றைக் கண்ணால் கண்டவர் மறப்பதில்லை.

நான்காவது, பணக் கணக்கு. மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, ஒப்பந்தச் சட்டம், அளவுப் புத்தகம் ஆகியவற்றை அறிந்த பொறியாளர்களே பத்தாம் ஆண்டில் திட்ட மேலாளர்களாக உயர்கிறார்கள். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற முறை தரத்தை எவ்வாறு அரிக்கிறது என்பதும் அவர்களுக்கே புரியும்.

ஐந்தாவது, பராமரிப்பு. குஜராத்தில் 2025 ஜூலையில் இடிந்த கம்பீரா பாலம் 1985-இல் கட்டப்பட்டது. நாற்பது ஆண்டுகளே நின்றது. நாட்டில் முதுமையடையும் பாலங்களும் குடியிருப்புகளும் எண்ணற்றவை. அவற்றைச் சோதித்துப் பழுது நீக்கி வலுப்படுத்தும் திறன் பெற்றவர்களுக்கு வருங்காலத்தில் வேலை பெருகும் என்றே கருதுகிறேன்.

அரசுப் பணியை நாடுவோருக்கு மத்தியத் தேர்வாணையத்தின் பொறியியல் பணித் தேர்வும், தமிழ்நாடு தேர்வாணையத்தின் தொழில்நுட்பப் பணித் தேர்வுகளும் இருக்கின்றன. உயர்கல்விக்கும் சில பொதுத் துறை நிறுவனங்களுக்கும் 'கேட்' தேர்வு வாயிலாகிறது. மூன்றுக்கும் அடித்தளம் நான்காண்டுப் பாடங்களே.

இத்துறையின் கடினத்தையும் மறைக்கக் கூடாது. வெயிலும் தூசும், ஊர்விட்டு ஊர் மாற்றமும், சிறு நிறுவனங்களில் தாமதமாகும் சம்பளமும் உண்மை. இவற்றை ஏற்கும் மனம் இல்லாதவரைப் பெற்றோர் வற்புறுத்தலாகாது. பெண்களுக்கு இது ஒத்துவராது என்ற கூற்றுக்கு மட்டும் வரலாறு இடம் தரவில்லை. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் பயின்ற பி.கே. திரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். களத்தில் தூய்மையான கழிப்பறையும் பாதுகாப்பும் இல்லாமையே தடை. அவற்றை அமைத்துத் தருவது நிறுவனங்களின் கடமை.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. பொறியாளர்களுக்கெனச் சட்டப்படியான மன்றமும் உரிமத் தேர்வும் கொண்டுவர வேண்டும். சிவில் பட்டதாரிகளுக்கு ஊதியத்துடன் கூடிய ஓராண்டுக் களப் பயிற்சியை, தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் பரவலாக நடைமுறைப்படுத்த வேண்டும். பொதுப்பணி ஒப்பந்தங்களில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் தர வேண்டும். இம்மூன்றும் நடந்தால், நல்ல பொறியாளரின் உழைப்பு சந்தையின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஊதியமும் தானே உயரும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை நிரப்பும் மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நான் கையொப்பமிட்ட கட்டடத்தில் என் பெற்றோரைக் குடிவைக்கத் துணிவேனா? அந்தத் துணிவைப் பெறும் அளவுக்குப் படிக்க விரும்புபவர், சிவிலைக் கடைசி விருப்பமாக அல்லாமல் முதல் விருப்பமாகவே எழுதலாம்.