வங்கியின் பெயரால் வரும் ஓலை



'உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படவிருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விவரங்களைப் புதுப்பிக்கத் தவறினால் பணம் எடுக்க இயலாது' என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. உச்சியிலே வங்கியின் முத்திரை; அடியிலே அதிகாரியின் பெயர்; நடுவிலே 'இங்கே அழுத்துக' என்னும் ஆணை. மக்காச்சோளம் விற்ற பணத்தைக் கணக்கிலே வைத்திருக்கும் பெரம்பலூர் உழவர் படிக்கிறார். சிமெண்ட் ஆலைக் கூலியை மகளின் திருமணத்துக்கெனச் சேர்த்து வைத்திருக்கும் அரியலூர்த் தொழிலாளி படிக்கிறார். நெஞ்சு பதறுகிறது, விரல் அழுத்துகிறது. அந்தப் பதற்றந்தான் எத்தனின் மூலதனம்!

பழைய திருடன் பூட்டை உடைத்தான். இவனோ சாவியை நம் கையாலேயே வாங்குகிறான். அழுத்தியதும் திறப்பது வங்கியின் பக்கமன்று. வங்கியைப்போல் வேடமிட்ட பக்கம். அதிலே நாம் இடும் பெயரையும் கடவுச்சொல்லையும் அவன் அக்கணமே உண்மையான வங்கித் தளத்திலே இடுகிறான். வங்கி நம் கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்புகிறது. அதையும் போலிப் பக்கம் கேட்கிறது, அதையும் தந்துவிடுகிறோம். பணம் வாடகைக்குப் பிடித்த எவர் கணக்குக்கோ போய், அங்கிருந்து பல கணக்குகளிலே சிதறி மறைகிறது.

இந்த வேடத்தைக் கலைக்கப் பெரும்படிப்பு வேண்டுவதில்லை. கேள்வி கேட்கும் துணிவு போதும். மேலிடத்திலிருந்து வந்த தாள் என்றாலே நடுங்கி நின்ற மக்களிடம், நிமிர்ந்து நின்று காரணம் கேளுங்கள் என்று ஊர்தோறும் மேடையிட்டுச் சொன்ன இயக்கம் நம்முடையது. அந்தத் துணிவு கைப்பேசித் திரையின் முன்னும் வேண்டும்.

அனுப்பியவர் எனத் தெரியும் பெயரைக் கண்டு மயங்க வேண்டா. அப்பெயரை எவனும் எழுதிக்கொள்ளலாம். இணைப்பு எந்தத் தளத்துக்கு இட்டுச் செல்கிறது என்று பாருங்கள். அத்தளத்தின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். பெரம்பலூரிலே அரியலூர் சாலை இருக்கிறது. அச்சாலையிலே கடை வைத்தவர் அரியலூரிலே இருப்பவர் ஆகிவிடுவாரா? அதுபோலத்தான், தளப்பெயரின் தொடக்கத்திலே வங்கியின் பெயர் வருவதால் அது வங்கியின் இடமாகிவிடாது. முடிவே உரியவனைக் காட்டும். இதை எளிதாக்கவே ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் 22 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. வங்கிகள் தம் தளப்பெயர் 'டாட் பேங்க் டாட் இன்' என முடியுமாறு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. அந்த முடிவு இல்லாத இடத்திலே கடவுச்சொல்லை இடாதீர்கள். ஐயம் எழுந்தால் இணைப்பைத் தொடாதீர்கள். பாஸ் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். அல்லது கிளைக்கு நேரே செல்லுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்ததா? முடியவில்லை! ஏமாந்தவர் வங்கியின் படியேறினால், 'நீர்தானே கொடுத்தீர்?' என்ற கேள்வி அங்கே காத்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, வாடிக்கையாளர் கவனக்குறைவால் இரகசிய விவரத்தைத் தந்திருந்தால், வங்கிக்கு அறிவிக்கும் வரை நேரும் முழு இழப்பும் அவருடையதே என்றது. கவனக்குறைவு! எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்கள்!

ஏழை மக்கள் தாமாகவா இந்த மின்னணு உலகுக்குள் நுழைந்தார்கள்? 2014-இல் ஜன்தன் கணக்குகளைத் திறக்கச் சொன்னது அரசு. நூறு நாள் வேலையின் கூலி வங்கி வழியே வந்தது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் வங்கிக் கணக்குக்கே வந்தது. நன்மைக்கென அமைந்த பாதைதான். ஆனால் பாதை அமைத்தவர்க்குப் பாதுகாக்கும் பொறுப்பு இல்லையா?

1956 நவம்பர் 23 விடியற்காலையில், மருதையாற்று வெள்ளத்திலே பாலம் நிலைகுலைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூருக்கு அருகே ஆற்றிலே வீழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'அந்த வண்டியில் ஏன் ஏறினாய்?' என்று பயணியைக் கேட்கவில்லை நாடு. 'பாலத்துக்குப் பொறுப்பு யார்?' என்றே கேட்டது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இன்று பணம் போகும் பாலம் உடைந்தால் மட்டும் பயணியைக் குற்றவாளியாக்குவது என்ன நீதி?

நம்மவர் பிழைப்புத் தேடிச் செல்லும் சிங்கப்பூரைப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஓ.சி.பி.சி. வங்கியின் பெயரால் பொய்க் குறுஞ்செய்திகள் பரவின. ஏறத்தாழ 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் வெள்ளியை இழந்தனர். வங்கி அவர்களுக்கு முழுத் தொகையையும் ஈடுசெய்தது. வாடிக்கையாளர்க்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அழுத்தும் இணைப்புகளே இருத்தலாகாது என்று 2022 ஜனவரியில் அந்நாட்டு நாணய ஆணையம் கட்டளையிட்டது. வங்கியும் தொலைத்தொடர்பு நிறுவனமும் தத்தம் கடமையிலே தவறினால் இழப்பை அவையே ஏற்கும் ஏற்பாடு 2024 டிசம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நாம் கேட்பது சலுகையன்று, நீதி. வங்கிகள் அனுப்பும் கடிதங்களில் இணைப்பு வேண்டா. ஏமாற்றப்பட்டதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடும் வழக்கம் வேண்டா. எச்சரிக்கைகள் தமிழிலே வரட்டும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் உண்மைக் கடிதமே புரியாதபோது, பொய்க் கடிதத்தை ஒரு தாய் எங்ஙனம் பிரித்தறிவாள்?

நீதி வரும் வரை கிளைத் தோழர்கள் காவல் நிற்க வேண்டும். படிப்பகச் சுவரிலே 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். பணம் பறிபோனது தெரிந்த அக்கணமே அந்த எண்ணை அழைத்தால், கணக்கு விட்டுக் கணக்கு ஓடும் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்புண்டு. ஏமாந்தவருடன் வங்கிக்குச் செல்லுங்கள். புகாரை எழுத்திலே கொடுத்து, நாளும் நேரமும் குறித்த ஒப்புகை பெறுங்கள். அறிவித்த பின் நேரும் இழப்பு வங்கியுடையது என்றும் அதே 2017 சுற்றறிக்கை கூறியதை மறவாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஏமாந்தவரை எள்ளி நகையாடாதீர்கள். வெட்கம் அவர் வாயை அடைக்கும் ஒவ்வொரு நிமிடமும் எத்தனுக்கே ஆதாயம்!