பேராசையா, பெருங்குற்றமா?

“பேராசை பெருநஷ்டம்!”

ஆல்பேனியாவின் கதையைச் சொன்னதும் என் நண்பர் ஒருவர் இப்படி ஒரே மூச்சில் தீர்ப்பளித்துவிட்டார். படித்தவர், மாதந்தோறும் பாங்கில் பணம் போடுகிறவர். அதனால்தான் தீர்ப்பு அவருக்கு அவ்வளவு சுலபமாக வருகிறது. நான் அதை ஏற்கத் தயாராக இல்லை.

நடந்தது என்ன? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பொதுவுடைமை ஆட்சி. சொந்தமாகக் கார் வைத்துக் கொள்ளக்கூட உரிமை இல்லை. பாங்கு என்று ஒன்று இருந்தது; ஆனால் அது சர்க்கார் கஜானாவின் இன்னொரு ஜன்னல். எந்த ஆலைக்கு எவ்வளவு என்று மேலிடம் சொல்லும். பாங்கு எண்ணிக் கொடுக்கும். கொடுத்தது திரும்புமா என்று கேட்கிற பழக்கமே அங்கு வளரவில்லை.

1990-களின் தொடக்கத்தில் அந்த ஆட்சி சரிந்தது. “இனிச் சந்தை உங்களுடையது” என்று மக்களிடம் சொன்னார்கள். பாங்குகள் மட்டும் பழைய பாங்குகளாகவே இருந்தன. கடன் வசூலாகாமல் நொடித்துப் போயிருந்த அவற்றால் புதிதாகக் கடன் கொடுக்கவும் முடியவில்லை. தொழில் தொடங்க நினைத்தவன் எங்கே போவான்? வெளியே வட்டிக்கு விடுகிறவர்களிடம் போனான். அப்படி முளைத்த கம்பெனிகளைத் தொழிலுக்கு உதவி என்றே பெரியவர்கள் கருதினார்கள்.

1996-ல் மாதத்துக்கு நூற்றுக்கு எட்டு வட்டி என்றார்கள். போட்டி முற்றியதும், மூன்றே மாதத்தில் பணம் மும்மடங்கு என்றார்கள். கிரீஸிலும் இத்தாலியிலும் கூலி வேலை செய்த பிள்ளைகள் அனுப்பிய பணம் அங்கே போயிற்று. வீடு விற்ற பணம் போயிற்று. குடியானவர்கள் ஆடு மாடுகளைத் தலைநகர் திரானாவுக்கு ஓட்டி வந்து விற்றார்கள். பின்னால் வந்தவனின் முதலே முன்னால் வந்தவனுக்கு வட்டி! மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அதில் பணம் போட்டிருந்தார்கள். கம்பெனிகள் தர வேண்டிய தொகை சுமார் 120 கோடி டாலர். அது நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் கிட்டத்தட்டப் பாதி.

1997 ஜனவரியில் எல்லாம் சரியத் தொடங்கியது. ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. கலவரத்தில் சுமார் 2,000 பேர் மாண்டார்கள்.

ஆசை இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் பாங்கு வட்டி எவ்வளவு இருந்தால் நியாயம் என்பதே தெரியாதவனிடம், எது பேராசை என்று கேட்பதில் என்ன நியாயம்? தலைமுறை தலைமுறையாகப் பாங்குகளைப் பார்த்துப் பழகிய நாம் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டோம்? பைனான்ஸ் கம்பெனிகளில் பணம் போட்டு ஏமாந்தவர்களுக்காகத் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியதும் அதே 1997-ல்தான். இதை நினைவூட்டியதும் நண்பர் பேச்சை மாற்றினார்.

குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான். அந்தக் கம்பெனிகளில் சில, 1996 தேர்தலில் ஆளும் கட்சிக்குப் பணம் கொடுத்தன. சர்க்கார் பார்த்தும் பாராதது போல் இருந்தது. உலக பாங்கும் சர்வதேச நிதி நிறுவனமும் அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் உரக்க எச்சரித்தன. சர்க்காரே சும்மா இருக்கும்போது குடியானவன் மட்டும் சந்தேகப்பட்டிருக்க வேண்டுமாம்!

“அப்படியானால் பழைய ஆட்சியே மேல் என்கிறீரா?” என்று கேட்கலாம். இல்லை. அழுகிய பாங்குகளை விட்டுச் சென்றதே அந்த ஆட்சிதானே?

வேறு வழி இருந்தது என்பதற்குப் போலந்து சாட்சி. 1989-ல் அங்கே மத்திய பாங்கிலிருந்து ஒன்பது வர்த்தக பாங்குகளைப் பிரித்தார்கள். 1993-ல் ஒரு சட்டம் போட்டு, கடன் பத்திரங்களாக முதல் கொடுத்தார்கள். கூடவே, வாராக் கடன்களை இத்தனை மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். போலந்திலும் மோசடிகள் நடந்தன. 1991-ல் ‘ஆர்ட்-பி’ கம்பெனியின் பாங்கு மோசடி நாட்டையே உலுக்கியது. ஆனால் ஆயுதக் கிடங்கை யாரும் உடைக்கவில்லை.

சந்தையை ஒரே நாளில் திறந்துவிடலாம். நம்பிப் பணம் போட ஒரு பாங்கை அமைக்கவும், மோசடிக்காரனைத் தடுக்க ஓர் அதிகாரியை நிறுத்தவும் நாளாகும். அந்த வேலையைச் செய்யாமல் கதவைத் திறந்தவர்களை விட்டுவிட்டு, மாட்டை விற்றவனுக்குப் பழமொழி சொல்லாதீர்கள்.