மறைக்க வேண்டியது எது?

குடிப்பவனைத் திருத்துவது எப்படி என்று இந்த நாட்டில் யோசனை சொல்லாத ஆள் இல்லை. திருந்த வேண்டும் என்று அவனே ஒரு நாள் எழுந்து நின்றால், எங்கே போவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. ஐந்து நாள் அலைந்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

அலைந்தது ஒரு நண்பருக்காக. அச்சகத்தில் என் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். அவர் மனைவி ஒரு நாள் காலையில் வந்து, "அண்ணா, குடியை விட்டவங்க எல்லாம் ஒண்ணாக் கூடிப் பேசுற கூட்டம் ஒண்ணு இருக்காமே. அதுக்குப் போறேன்னு இவரே சொல்றாரு. எங்கே நடக்குதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் தாமாகக் கேட்ட உதவி அது ஒன்றுதான்.

அப்படி ஒன்று இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று பெயர்; பெயர் சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகள் என்று அர்த்தம். சென்னையில் பல இடங்களில் நடக்கிறது. எங்கெங்கே? தெரிந்த டாக்டரைக் கேட்டேன், மாத்திரை எழுதினார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டேன், "கூட்டத்துக்குப் பர்மிஷன் வாங்கியிருக்காங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார் ஏட்டையா. செல்போனில் தேடினால் வராதா என்பீர்கள். வந்தது. மாதம் இவ்வளவு கட்டு என்கிற மறுவாழ்வு இல்லங்களின் விளம்பரம் வரிசையாக வந்தது. ஆனால், டாஸ்மாக் கடை எங்கே என்று கேளுங்கள், பள்ளிக்கூடத்துப் பையன்கூட வழி காட்டுவான்!

கடைசியில் சொன்னவர் ஒரு மாதா கோயில் வாட்ச்மேன். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பின்பக்க ரூம்ல கூடுவாங்க சார். யாருன்னு தெரியாது. டீ குடிப்பாங்க, சிரிப்பாங்க, போயிடுவாங்க" என்றார்.

வெளியாரும் வரலாம் என்று வைத்திருந்த கூட்டம் அது. நானும் கூடப் போனேன். பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பிரசங்கம் இல்லை. ஒருவர் பெயரை மட்டும் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, மகளின் காதுத் தோட்டை அடகு வைத்த கதையைச் சொன்னார். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். அந்த இடத்தில் ஒரு துளிக் கண்ணீராவது வைத்திருப்பேன். அவர் வைக்கவில்லை. யாரும் உச்சுக் கொட்டவுமில்லை. "இன்னைக்குக் குடிக்கலை" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த என் நண்பர், அடுத்தவர் பேச ஆரம்பித்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

வசூல் தட்டு வந்தது. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். "வெளியார்கிட்ட வாங்கறதில்லை சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சேருவதற்குக் கட்டணமும் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்று இருந்தால் போதுமாம். மது விற்று 2023-24ஆம் ஆண்டில் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பார்த்த அரசாங்கத்தின் தலைநகரில், என் ஐந்நூறு ரூபாயை வேண்டாம் என்று சொல்ல ஒரு பின்பக்க அறை இருக்கிறது!

"அதுவும் ஒரு பஜனை மடம்தானே" என்றார் ஒரு பகுத்தறிவு நண்பர். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவது உண்மைதான். ஆனால் 2020இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய கணக்கு அது. குடியை அறவே விட்டிருப்பதில், நோயாளியை முறைப்படி இந்தக் கூட்டங்களில் கொண்டு சேர்க்கும் சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிட மேலாகவே இருக்கிறது என்கிறது. பகுத்தறிவு இதையும் படிக்கலாம். மாத்திரை எழுதிய டாக்டரும் படிக்கலாம்.

இன்னொருவர், பெயரை மறைப்பது கோழைத்தனம் என்றார். வேலை போய்விடுமோ, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமோ என்று நடுங்குகிறவனுக்கு அந்த மறைப்புதான் ஐயா கதவைத் திறந்து விடுகிறது! நான் குடிப்பவனா இல்லையா என்பதை நானே இங்கே எழுதவில்லை, கவனித்தீர்களா? ஆளின் பெயர் மறைந்திருக்கட்டும். இடத்தின் முகவரியை மறைக்கச் சொன்னது யார்? அவர்கள் மறைக்கவில்லை, கேட்டால் சொல்கிறார்கள். தெரிந்துகொள்ளாமல் இருப்பதே மரியாதை என்று நினைக்கிற நாம்தான் மறைக்கிறோம்.

இந்த இயக்கம் பிறந்ததே ஒரு முகவரிப் பட்டியலால். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், போன காரியம் கெட்டுப்போய் ஓட்டல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார் பில் வில்சன். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் கலகலப்பு. மறுபக்கம் டெலிபோனும் ஊர்ச் சர்ச்சுகளின் பட்டியலும். பட்டியலைப் பார்த்து டெலிபோன் செய்தார். ஒருவர் சொல்லி ஒருவராக விசாரித்து, மறுநாள் பாப் ஸ்மித் என்ற குடிகார டாக்டரைச் சந்தித்தார். கால் மணிக்கு மேல் தங்கமாட்டேன் என்று வந்த டாக்டர், ஆறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பட்டியல் அங்கே இல்லாதிருந்தால்?

என் நண்பர் நடுவில் ஒரு முறை சறுக்கினார். மறு செவ்வாய்க்கிழமை தாமாகவே அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். இந்தத் தடவை யாரையும் அலைய விடவில்லை; இடம் தெரிந்திருந்தது.

மது உடல்நலத்துக்குக் கேடு என்று பாட்டிலில் அச்சடிக்கத் தெரிகிறதே, கடை வாசலில் பக்கத்துக் கூட்டம் எங்கே, என்றைக்கு என்று இரண்டு வரி எழுதி வைத்தால் என்ன? ஆஸ்பத்திரிச் சுவரில், போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வைத்தால் என்ன? உத்தியோகத்தில் இருக்கும் ஒரு நண்பரிடம் கேட்டேன்.

"அப்படி எழுதினா வியாபாரம் குறையுமே சார்" என்றார்.

"குறையட்டுமே!" என்றேன்.

அவர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.