கடத்தும் பாலிமர் எலக்ட்ரோடு: பெற்றோர் சங்கத்தின் நிலைப்பாடு

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில், காது கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்த பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். எங்களில் பலர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை செய்வித்தவர்கள். மின்சாரம் கடத்தும் பாலிமரில் எலக்ட்ரோடு வந்தால் ஒப்புக்கொள்ளலாமா என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். இப்போதுள்ள பிளாட்டினத்தின் மேல் பூச்சாக வந்தால் வரவேற்போம். உடம்புக்குள்ளேயே எலக்ட்ரோடை வளர்ப்பதைப் பிள்ளைகளிடம் இப்போது செய்யக் கூடாது.

நத்தைக்கூடு போன்ற உட்காதுக்குள் போகும் மெல்லிய சிலிகோன் இழையில், கருவியைப் பொறுத்து 12 முதல் 22 பிளாட்டின எலக்ட்ரோடு புள்ளிகள் இருக்கும். பிளாட்டினம் மேற்பரப்பில் மட்டுமே மின்னூட்டத்தைக் கைமாற்றும். புள்ளியைச் சிறிதாக்கினால் கூடுதல் வோல்ட் கேட்கும். பெடாட் என்ற கடத்தும் பாலிமர் பஞ்சு மாதிரி. உடல் திரவத்தின் அயனிகள் அதன் உள்ளேயும் புகுவதால் குறைந்த வோல்ட்டிலேயே வேலை நடக்கும். காதுக்கு வெளியே இருக்கும் பேட்டரிக்கும் சுமை குறையலாம். 675 நம்பர் பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிரித்து, காற்றுப் பட ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, காதில் மாட்டும் பிராசசரில் போட்டு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அம்மாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை. மார்கழிக் கச்சேரி தெளிவாகக் கேட்கும் என்று மட்டும் யாரும் ஆசை காட்ட வேண்டாம். உட்காதுத் திரவத்தில் மின்சாரம் பரவிக் கலப்பதைப் பூச்சு ஒன்றே தீர்க்காது.

எங்கள் கவலை, பூச்சு உரிவது. ஈரத்திலேயே கிடந்து, ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஊறிச் சுருங்கும் படலம் விரிசல் விடலாம், பெயரலாம். இரண்டு வயதில் வைப்பது பல பத்தாண்டுகள் தாங்க வேண்டும். ஆறு மாதச் சோதனையை நீட்டிச் சொல்லும் கணக்கு எங்களுக்குப் போதாது. முதலில் பெரியவர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, பல ஆண்டுகள் பார்க்கட்டும்.

உடம்புக்குள்ளேயே வளர்ப்பது வேறு கதை. 2023இல் சுவீடனின் லின்ஷோப்பிங் ஆய்வாளர்கள், ஊசியில் செலுத்திய ஜெல்லை வரிக்குதிரை மீனிலும் அட்டையிலும் உடம்பின் சர்க்கரை, லாக்டேட் துணையோடு கடத்தும் பாலிமராக்கினார்கள். பிரமாதமான வேலைதான். ஆனால் கோளாறான எலக்ட்ரோடு இழையை உருவிவிட்டு வேறு வைக்க முடிகிறது. செல்களுக்கு நடுவே உறைந்ததை எதைப் பிடித்து உருவுவது?

2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளில் காக்ளியர் இம்ப்ளான்ட் போன்ற கருவிகள் ஆபத்து மிகுந்த ‘டி’ பிரிவு. பூச்சை மாற்றினால் அதையும் புதுக் கருவியாகவே நடத்தி, மருத்துவ ஆய்வுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு கருவியையும் நுண்ணோக்கியில் பார்த்து, பூச்சு எந்த நிலையில் இருந்தது என்பதை அந்தக் குடும்பத்துக்குத் தமிழில் எழுதித் தர வேண்டும்.