பழம்பொருள் வியாபாரமும் நம் சனங்களின் புழங்குபொருளும்

விராலிமலை வட்டாரத்துச் சேரிகளில் கொஞ்ச காலமாகப் புது ஆட்களின் நடமாட்டம் தெரிகிறது. முன்பெல்லாம் பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருவார்கள். இவர்கள் கூவுவதில்லை. வாசலில் நின்று தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு (இதுவே நமக்கு ஆச்சரியம்தான்) மெதுவாக ஆரம்பிக்கிறார்கள். "ஆத்தா, பழைய ரயில்வே விளக்கு ஏதும் கெடக்கா? தாத்தா காலத்துத் தப்பு, உடுக்கை, மரச்சிலை எதுனா இருக்கா?" எடை போட்டு வாங்குவதில்லை. புரட்டிப் பார்க்கிறார்கள், அடியில் பொறித்திருக்கும் எழுத்தைப் படிக்கிறார்கள், செல்போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்புகிறார்கள், பதில் வந்ததும் விலை சொல்கிறார்கள். பொருள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகிறதோ, நேராகச் சென்னைப் பங்களாக்களுக்கே போகிறதோ, நமக்குத் தெரியப் போவதில்லை.

விராலிமலைக்கு ரயில் கிடையாது. மேற்கே போனால் மணப்பாறை, கிழக்கே போனால் கீரனூர். ரயில் வராத ஊரில் ரயில்வே விளக்கு எப்படி வந்தது என்று அந்த வியாபாரி யோசித்திருக்க மாட்டார். இந்த மண்ணில் காணி நிலம்கூட இல்லாதவன், பண்ணையாள் வேலையிலிருந்து தப்பிக்கத் தண்டவாளத்துக்குப் போனான். 1929இல் திருச்சி - புதுக்கோட்டை பாதை திறந்தபோதும் சரி, அதற்குப் பின்னும் சரி, மண் வெட்டவும் சரளை சுமக்கவும் ஆள் வேண்டியிருந்தது. கேங்மேன், கீமேன், ராத்திரி ரோந்து. அப்படிப் போனவர்கள், கண்டம் செய்து தூக்கிப் போட்டதை வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். கரண்டு வராத சேரிக்கு அதுவே தெருவிளக்காக இருந்தது.

என் மாமா ஒருவர் கீமேன். காலையில் சுத்தியலும் ஸ்பேனருமாக இறங்கினால் தன் பீட் முழுக்க நடந்து, தளர்ந்த சாவியை அடித்து இறுக்கிக்கொண்டே போவார். மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து. கையில் சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றும் காட்டும் மண்ணெண்ணெய் விளக்கு, பையில் தண்டவாளத்தில் கட்டும் வெடி. எங்காவது மண் அரித்திருந்தால் வண்டியை நிறுத்துவது அவர் பொறுப்பு. உள்ளே தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த விளக்கு ஒரு நொடி ஜன்னலில் தெரிந்து மறையும்.

மாமா போன பிறகு அத்தை அந்த விளக்கை விற்றுவிட்டது. ஏன் அத்தை என்று கேட்டேன். "இந்தக் கருமத்தத் தூக்கிக்கிட்டு அலைஞ்சுதான் அந்த மனுசன் நெஞ்சுச்சளி புடிச்சுச் செத்தாரு. வச்சு என்னத்தப் பண்ண? மாத்திரைக்காச்சும் ஆச்சு" என்றது. இதற்கு நம்மிடம் பதில் இருக்கிறதா தோழர்களே? பண்பாட்டு அரசியல், மாற்று வரலாறு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். மாத்திரை வாங்கக் காசில்லாத அத்தையிடம் போய், விற்காதே, அது ஆவணம் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? எனவே விற்றவர்களைக் குறை சொல்ல இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை. சிலருக்கு அந்தப் பொருள் வீட்டை விட்டுப் போவதே விடுதலை. அதையும் மதிக்கத்தான் வேண்டும்.

என் ஆத்திரம் வேறு. விளக்கு கடைக்குப் போனதும் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் புகைக்கரியை எடுத்துவிடுகிறார்கள். மாமாவின் கை பட்ட தடம் போகிறது. "பிரிட்டிஷ் கால ரயில் விளக்கு" என்று சீட்டு ஒட்டுகிறார்கள். விளக்குக்குக் கம்பெனிப் பேர் உண்டு, வருசம் உண்டு, விலை உண்டு. பிடித்துக்கொண்டு நடந்தவனுக்கு மட்டும் பேர் இல்லை. பண்டத்தை வாங்கி மனிதனைக் கழித்துவிடுகிற இந்த வேலைக்குத்தான் பழம்பொருள் ரசனை என்று பேர்.

டில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு கடிதம் ரொம்பப் பிரசித்தம். 1909இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளிப் பயணி எழுதியது. பலாப்பழம் தின்று வயிறு உப்பி, ஸ்டேஷனில் ஒதுங்கப் போன நேரத்தில் கார்டு வண்டியை விட்டுவிட்டார், நான் ஒரு கையில் செம்பும் மறுகையில் வேட்டியுமாக ஓடி விழுந்தேன் என்று உடைந்த இங்கிலீஷில் புகார். கீழ்வகுப்புப் பெட்டிகளுக்குக் கக்கூஸ் வந்ததே இந்தக் கடிதத்தால்தான் என்பார்கள். எல்லோரும் படித்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கக்கூஸுக்குத் தொட்டி கிடையாது. அத்தனையும் தண்டவாளத்தில் விழுந்தது. நூறு வருசமாக அதை அள்ளியது யார்? எந்தச் சாதி? 1993இல் கையால் மலம் அள்ளுவதற்குத் தடைச் சட்டம் வந்தது, 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. இரண்டாவது சட்டத்திலும், பாதுகாப்புக் கருவி கொடுத்துவிட்டால் அது கையால் அள்ளுவது ஆகாது என்று ஒரு சந்து விட்டு வைத்தார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் இதை ஒழிக்கக் கெடு வைத்துத் திட்டம் போடு என்று ரயில்வேக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பயோ டாய்லெட் வந்த பிறகுதான் தண்டவாளம் கொஞ்சம் காய்ந்தது. செம்பு ஏந்தி ஓடியவரின் கடிதம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. விளக்குமாறும் தகரமும் எந்தக் கண்காட்சியில் இருக்கின்றன? எந்தச் சேகரிப்பாளர் அதைத் தேடிச் சேரிக்கு வருகிறார்?

ரயில்தான் சாதியை உடைத்தது, எல்லாரையும் ஒரே பெட்டியில் உட்கார வைத்தது என்று ஒரு பொதுப்புத்தி உண்டு. 1901இல் சிறுவன் அம்பேத்கர் அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் மசூர் ஸ்டேஷனில் இறங்கி நின்றான். நல்ல உடுப்பைப் பார்த்து அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகர் சாதி என்று கேட்டதும் முகம் மாறி உள்ளே போய்விட்டார். இரட்டைக் கூலி தருகிறோம், வண்டியையும் நாங்களே ஓட்டுகிறோம் என்ற பிறகுதான் மாட்டுவண்டி கிடைத்தது. நம் பக்கம் ரயில்வே சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்தது. பெரியாரும் நீதிக்கட்சியும் எதிர்த்துப் போராடி 1941இல்தான் எடுத்தார்கள். (அந்த 'மற்றவர்' இடத்தில் நம் தாத்தா உட்கார்ந்து சாப்பிட முடிந்ததா என்பது தனிக் கேள்வி.) அந்தப் போர்டுகள் எங்கே போயின? வெள்ளைக்காரனின் பீங்கான் தட்டும் வெள்ளிக் கரண்டியும் பத்திரமாக இருக்கின்றன. போர்டு மட்டும் அடுப்புக்குப் போய்விட்டதா?

அமெரிக்காவில் ரயில் பழம்பொருள் சேர்ப்பது பெரிய பொழுதுபோக்கு, பெரிய வியாபாரம். விளக்கு, பூட்டு, சாப்பாட்டுப் பெட்டியின் தட்டு எல்லாம் ஏலம் போகும். அங்கே புல்மேன் கம்பெனியின் படுக்கை வண்டிகளில் பெட்டி தூக்கவும் படுக்கை விரிக்கவும் சப்பாத்துத் துடைக்கவும் கறுப்பின ஆட்கள். முதலில் எடுத்தது அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் மீண்டு வந்தவர்களை. அவர்கள் எல்லோரையும் பயணிகள் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். முதலாளி பேர் ஜார்ஜ் புல்மேன். அடிமைக்கு ஆண்டை பேர் வைக்கிற அதே பழக்கம். நம்மூரில் 'டேய்' என்று கூப்பிடுவதற்கு அது எவ்வளவோ மரியாதை என்று தோன்றலாம். அந்த ஜார்ஜ்கள் 1925இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் வைத்து, 1937இல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். 1995இல் சிகாகோவில் அவர்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் வந்தது. அதைத் தொடங்கியவர் லின் ஹியூஸ் என்ற கறுப்பினப் பெண்.

டேவிட் பில்கிரிம் என்ற கறுப்பினப் பேராசிரியரின் கதை இன்னும் நமக்கு நெருக்கம். சின்ன வயதில் தன் இனத்தைக் கேலி செய்யும் ஒரு பொம்மையைக் காசு கொடுத்து வாங்கி, அங்கேயே போட்டு உடைத்தார். பிறகு உடைப்பதை விட்டுச் சேர்க்க ஆரம்பித்தார். 1996இல் ஏறத்தாழ 2000 பொருட்களை மிச்சிகனில் உள்ள ஃபெரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இழிவின் பொருட்களுக்கென்றே அங்கே ஒரு காட்சியகம் இருக்கிறது, மாணவர்களுக்குப் பாடமாக. நம்மிடம் சேர்க்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? 2022 டிசம்பரில், வேங்கைவயல் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்ததை விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியர், இறையூர் டீக்கடையில் நம்ம சனங்களுக்குத் தனிக்குவளை இருந்ததைக் கண்டுபிடித்தார். நமக்கு அது தெரியாத சங்கதியா, அரசாங்கத்துக்குத்தான் புதுசு. இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில், 2022இல்! அந்தக் குவளைகளில் ஒன்றாவது நம் கையில் இருக்க வேண்டாமா?

நாட்டுப்புறக் கலை என்ற பேரில் நடப்பதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பறை இன்று வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. மாட்டுத்தோல் வாடையும் வைக்கோல் தீயில் காய்ச்சிய கருக்கலும் போக, வார்னிஷ் பூசித் தொங்குகிறது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக எத்தனை ஊரில் நம் இளைஞர்கள் அடிபட்டார்கள்! பறையைக் கொளுத்துவதா, விடுதலைக் கருவியாகக் கையில் எடுப்பதா என்று நமக்குள் விடிய விடியச் சண்டை நடந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் சுவரில் பறையை மாட்டியவருக்கு அந்தச் சண்டை தெரியுமா? தெரிந்தால் மாட்டுவாரா?

விராலிமலைக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. மலைக்கோயிலில் சதிர் ஆடிய 32 பெண்களில் கடைசியாக மிஞ்சியவர் ஆர். முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்டவர். சதிர் என்ற பேரை அழித்து, ஆடியவர்களை ஒதுக்கி, பரதநாட்டியம் என்று மேல்சாதிக் கூடத்துக்குக் கொண்டுபோனது 1930களில். அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2022இல். அந்தப் பெண்கள் தலித்துகள் அல்ல. ஆனாலும் கலையை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுகிற வித்தை ஒன்றுதான்.

இன்னொரு பொருளைச் சொல்ல வேண்டும். தகர வில்லை. 1901 முதல் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி பிடித்துப் போகும்போது ஆளுக்கு ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். அதில் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் அடித்திருக்கும். வில்லையைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும், கடைசியில் அது கூலியின் தலைமேல் கடனாக வந்து நிற்கும். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரத்துச் சேரிகள் இப்படித்தான் காலியாயின. 1914க்குப் பிறகு பாம்பன் பாலம் தாண்டித் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். போட் மெயிலைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் தென்னிந்திய ரயிலின் முதன்மையான நினைவுப்பொருள் விளக்கும் இல்லை, மணியும் இல்லை, அந்தத் தகர வில்லைதான். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்கள் நம் மாவட்டத்திலும் இருக்கின்றன. எந்தத் தகரப் பெட்டியின் அடியிலாவது ஒரு வில்லை கிடக்கலாம், பாட்டியின் பிறப்புச் சான்றுக்கு இடையிலே. கண்டி மாவட்டத்தில் கம்பளைப் பக்கம், பழைய லயன் அறைகளையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். 2007இல் திறந்தார்கள். நாகபுரிக்குப் பக்கத்தில் சிச்சோலியில் அண்ணலின் தட்டச்சுப் பொறியையும் உடுப்புகளையும் நம்மவர்களே காத்து வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த மாதிரிக் கட்டடம் கட்டக் காசு கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு இருக்கிறது.

ஆகவே புதுக்கோட்டை, திருச்சிக் கல்லூரிகளில் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை. வியாபாரி வருவதற்கு முன்னால் நீங்கள் போங்கள். பொருளைக் கேட்காதீர்கள், பேரைக் கேளுங்கள். யார் பிடித்தது, எந்த ஸ்டேஷன், எந்த கேங், என்ன கூலி, எந்த மேஸ்திரி அடித்தான், இதை வீட்டில் எங்கே வைத்திருந்தார்கள், ஏன் விற்கிறார்கள். சொல்கிறவர் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பேர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். விற்கத்தான் போகிறார்கள் என்றால் விற்கட்டும், கடை விலை எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏமாறாமல் இருக்கட்டும். நாலு பேர் சேர்ந்து வாங்க முடிந்தால் வாங்கி, சேரிப் படிப்பகத்தில் வையுங்கள்.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் இதற்கு ஒதுக்குகிறோம். படம் எடுக்கும்போது பொருளைத் துடைக்க வேண்டாம், கரியோடும் துருவோடும் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ தீப்பெட்டியோ வைத்தால் அளவு தெரியும். மணப்பாறை, கீரனூர் பக்கம் ஓய்வுபெற்ற கேங்மேன் வீடுகளிலிருந்து தொடங்கலாம். இரண்டு தோழர்கள் ஏற்கனவே போக ஆரம்பித்துவிட்டார்கள்.